வளையல் கேட்க வந்தவர்கள்

தட், தட், தட். கொஞ்சம் நின்று, மறுபடியும் தட், தட். உள்ளங்கை முதலில் முழங்காலில் விழும், பிறகு தொடையில், பிறகு இடுப்புக்குக் கொஞ்சம் கீழே. உலகம்மாளுக்கு ஆறு வயதாக இருந்த காலத்தில் அவளுடைய அண்ணன் தரையிலிருந்து எழுந்திருக்கும் சத்தம் அது. தன் உடம்பையே ஏணியாகச் சாய்த்துத் தன்மேல் தானே ஏறுகிறவனைப் போல அவன் எழுந்திருப்பான், ஏறி முடித்ததும் மலை உச்சிக்கு வந்துவிட்டவனைப் போல மூச்சு வாங்கிக்கொண்டு சிரிப்பான். தெருப்பிள்ளைகள் அதை ஒரு விளையாட்டாக்கி வட்டமாக உட்கார்ந்து தொடையைத் தட்டித் தட்டி எழுந்தார்கள், யார் கடைசியாக எழுந்தார்களோ அவர்களுக்கே வெற்றி என்று வைத்துக்கொண்டார்கள். அண்ணன் மீசை அரும்புகிற வயதில் படுத்தவன் எழவில்லை. அந்தச் சத்தமும் அவனோடு போய்விட்டது என்றுதான் உலகம்மாள் நினைத்திருந்தாள், தன் மகன் சுடலைமணிக்கு ஆறு வயது நடக்கும்போது ஒரு காலையில் அடுப்படியில் தோசை சுட்டுக்கொண்டு நின்றவள் முன்னறையில் அதே சத்தத்தைக் கேட்கும்வரை. தோசை கருகி, புகை வந்து, பக்கத்து வீட்டிலிருந்து ஆள் வந்து எட்டிப் பார்க்கும்வரை அவள் கையில் தோசைக்கரண்டியோடு அப்படியே நின்றிருந்தாள்.

பாறைக்குளத்தில் பனையடித் தெருக்காரர்கள் சொந்தத்துக்குள்ளேயே கொடுத்து, சொந்தத்துக்குள்ளேயே எடுத்து, சொந்தத்துக்குள்ளேயே சண்டையும் போட்டுக்கொண்டு வாழ்ந்தவர்கள். அந்தத் தெருவில் யாரையும் இரண்டு முறை வைத்துக் கூப்பிடலாம். உலகம்மாளின் கணவர் கோமதிநாயகம் அவளுடைய அம்மாவின் கடைசித் தம்பி, ஆகவே பிறந்ததிலிருந்தே அவளுக்கு மாமா. கோமதிநாயகத்தின் அக்கா பிச்சம்மாள் அவளுக்கு நாத்தனார், ஆனால் அம்மாவின் தங்கையும் அவளேதான் என்பதால் உலகம்மாள் கலியாணத்துக்கு முன்னால் சித்தி என்று கூப்பிட்டவளைக் கலியாணத்துக்குப் பின்னாலும் சித்தி என்றே கூப்பிட்டாள். இப்படி ஒருவரோடு ஒருவர் இரட்டை முடிச்சாகக் கட்டப்பட்டிருந்த அந்தத் தெருவில், நாலைந்து வீடுகளில் பிள்ளைகள் தொடையைத் தட்டி எழுந்தார்கள், பிறகு சுவரைப் பிடித்து நடந்தார்கள், பிறகு நாற்காலியில் உட்கார்ந்தார்கள், பிறகு அந்த நாற்காலி காலியானது. தெரு அதை வெயிலைப் போல, தண்ணீர்ப் பஞ்சத்தைப் போல எடுத்துக்கொண்டது. யாருக்கு வந்தாலும் தாய்க்காரியின் ரத்தம் சரியில்லை என்றது.

நகரத்து ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டர் ரெஜினா என்ற சின்ன வயதுப் பெண் ஒரு வேனில் வந்து, பள்ளிக்கூட வராந்தாவில் மேஜை போட்டு ரத்தம் எடுத்த அன்று, பெண்கள் பிள்ளைகளை இடுப்பிலும் தோளிலும் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். ஆண்கள் எதிரே டீக்கடையில் நின்றார்கள்.

"இந்த நோய்க்கு ரத்தத்துல ஓர் அடையாளம் இருக்கு," என்று டாக்டர் தன் இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டினாள். "அம்மாகிட்ட ஒண்ணு, அப்பாகிட்ட ஒண்ணு. ரெண்டும் சேர்ந்து வந்தாத்தான் பிள்ளைக்குச் சதை கரையும். ஒருத்தர்கிட்ட மட்டும் இருந்தா அவங்களுக்கும் ஒண்ணும் ஆகாது, பிள்ளைக்கும் ஒண்ணும் ஆகாது. சொந்தத்துல கட்டும்போதுதான் ரெண்டும் சுலபமாச் சந்திக்கும். அதனால ஆம்பளைங்களும் வந்து ரத்தம் குடுங்க."

டீக்கடையிலிருந்து ஒருவரும் வரவில்லை. "எங்களுக்கு என்ன கேடு? நிக்கோம், நடக்கோம், மூட்டை தூக்குதோம்," என்றார்கள். டாக்டர் உலகம்மாளிடம், "உங்க வீட்டுக்காரருக்குக் கண்டிப்பா இருக்கும்மா, இல்லாம மகனுக்கு வராது," என்றாள். அன்று சாயங்காலம் அவள் அதைக் கணவரிடம் சொன்னபோது கோமதிநாயகம் டிவியின் சத்தத்தைக் கூட்டிவைத்தார். அவர் கலியாணங்களுக்குப் பாத்திரமும் நாற்காலியும் வாடகைக்கு விடுகிறவர். ஊர் முழுக்க அவருடைய நாற்காலியில்தான் உட்காரும். ஊர் வாயில் விழுவதற்கு அவர் தயாராக இல்லை.

முடிவு வருவதற்கு மூன்று மாதம் ஆகும் என்று சொல்லியிருந்தார்கள். முடிவு வருவதற்கு முன்னால் வளையல்கள் நின்றுபோயின.

உலகம்மாள் கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தபோது தன் காதுதான் செவிடாகிவிட்டது என்று நினைத்தாள், ஆனால் காக்கை கரைந்தது கேட்டது, கல்லில் துணி அடிபட்டது கேட்டது, தண்ணீர் ஓடியது கேட்டது, இரண்டு கையிலும் கிடந்த கண்ணாடி வளையல்கள் மட்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து மோதி விலகி மறுபடி மோதியும் பஞ்சுபோலச் சும்மா இருந்தன. கழற்றித் தரையில் போட்டாள், கலீரென்றது. எடுத்துப் போட்டுக்கொண்டாள், ஊமையானது. அவள் மகள் வடிவு, செராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறவள், வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, "அம்மா, இங்க பாரேன்," என்று கையை உதறிக் காட்டினாள். அதுவும் ஊமை.

முதலில் வளையல்கடை அபூபக்கர் பாய்தான் மாட்டிக்கொண்டார். "என்ன பாய், ஓட்டை வளையலைத் தலையில கட்டிட்டீரு?" என்று பெண்கள் திருப்பிக் கொண்டுவர, அவர் மாற்றிக் கொடுத்தார், மாற்றிக் கொடுத்ததும் ஒலிக்கவில்லை, திருப்பி வாங்கியதை வேறொருத்தி கையில் போட்டால் கிணுகிணுவென்று ஒலித்தது. தங்கம் போட்டுப் பார்த்தார்கள், தங்கமும் ஒலிக்கவில்லை. பித்தளை, வெள்ளி, எதுவும் ஒலிக்கவில்லை. தொடையைத் தட்டி எழும் பிள்ளைகளைப் பெற்றவர்கள் எல்லார் கையிலும் ஒலிக்கவில்லை, அவர்களுடைய தங்கைகளில் சிலர் கையில் ஒலிக்கவில்லை, மகள்களில் சிலர் கையில் ஒலிக்கவில்லை. என்ன இது, ஏன் இது என்று தெரு ஒரு வாரம் பேசியது. அதன் பிறகு ஏன் என்ற பேச்சை விட்டுவிட்டு, யார் யார் என்ற பேச்சை எடுத்தது.

மாமியார்கள் கொல்லைப்புறச் சுவரோரம் காதை வைத்துக்கொண்டு நின்றார்கள். எப்போதும் ரேடியோ அலறும் வீடுகளில் ரேடியோ நின்றது, மிக்ஸியை நிறுத்திவிட்டு மருமகளைப் பாத்திரம் தேய்க்கச் சொன்னார்கள். பெண் பார்க்கப் போகிறோம் என்பதை விட்டு, வளையல் கேட்கப் போகிறோம் என்று சொல்லத் தொடங்கினார்கள். மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்ததும் ஃபேனை நிறுத்துவார்கள், கைக்குழந்தையை வெளியே அனுப்புவார்கள், வேர்த்து வழிந்துகொண்டு மூச்சைப் பிடித்து உட்கார்ந்திருப்பார்கள், பெண் காப்பித் தட்டோடு நடந்து வரவேண்டும், தட்டை வைத்துவிட்டுக் கூந்தலை ஒருமுறை ஒதுக்கவேண்டும். கதவுக்குப் பின்னால் தங்கையை நிறுத்தி அவள் கையை ஆட்டவைத்தவர்கள் உண்டு. செல்போனில் வளையல் சத்தத்தைப் பதிவுசெய்து பெண்ணின் இடுப்பில் செருகியவர்கள் உண்டு. ஒரு வீட்டில் அப்படிச் செருகிய போனுக்கு நடுவில் அழைப்பு வந்து, பெண்ணின் இடுப்பிலிருந்து சாமி பாட்டு கிளம்பி, மாப்பிள்ளையின் தாத்தா கன்னத்தில் போட்டுக்கொண்டார். டீக்கடையில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். "எம் பொண்டாட்டிக்கு வளையல் நின்னு என்னவே புண்ணியம், வாய் நிக்கலையே," என்று ஒருவர் சொல்ல, எல்லாரும் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார்கள். ஆடிப்பூரத்துக்கு அம்மனுக்கு வளையல் சாத்துகிறபோது ஊமைக்கைக்காரிகள் கொண்டுவர வேண்டாம் என்று கோயில் கமிட்டியில் முடிவு செய்தார்கள். கமிட்டியில் இருந்த எட்டுப் பேரும் ஆண்கள். மூன்று பெண்களை அவர்கள் பிறந்த வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். பிறந்த வீடு எதிர்ச்சாரியிலேயே இருந்ததால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருவைக் குறுக்கே கடந்தால் போதுமானதாக இருந்தது.

ஆஸ்பத்திரி முடிவு வந்தபோது எந்தெந்தப் பெண்களின் வளையல் நின்றிருந்ததோ அதே பெண்களின் பெயர்கள்தாம் வந்தன. "ஆம்பளைங்க ஒருத்தர்கூடக் குடுக்கலையேம்மா," என்று டாக்டர் ரெஜினா போனில் சொன்னாள். அவள் குரலில் இருந்த கோபம் உலகம்மாளுக்குப் பிடித்திருந்தது. அவளுக்காகக் கோபப்பட்ட முதல் ஆள், அந்தத் தெருவுக்கு வெளியே இருந்தாள்.

வடிவுக்குக் கோவில்பட்டியிலிருந்து ஒரு வரன் வந்து, வளையல் கேட்டு, காப்பியைத் தொடாமல் எழுந்து போனது. அடுத்த வெள்ளிக்கிழமை பிச்சம்மாள் ஒரு தட்டில் பூவும் பழமுமாக வந்தாள்.

"வெளியில எவனும் இவளைக் கட்டமாட்டான். கட்டுனாலும் நாளைக்குச் சொல்லிக் காட்டுவான். நம்ம வீட்டுக் குறையை நாமதானே மூடணும்? நம்ம கதிரேசன் எதுக்கு இருக்கான்?" என்றாள். கதிரேசன் அவளுடைய மகன், மினிபஸ் ஓட்டுகிறவன், சுடலைமணிக்கு நடக்க முடியாமல் போன வருஷத்திலிருந்து அவனைத் தினமும் பஸ்ஸில் தூக்கி உட்காரவைத்துப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டவன். கோமதிநாயகம் கண் கலங்கி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். தெருவும் நல்ல யோசனை என்றது. ஊமைக்கைப் பெண்களை எல்லாம் அவரவர் அத்தை மகனுக்கும் மாமனுக்கும் முடித்துவிடலாம், வெளியே தெரியாமல் போய்விடும் என்று மற்ற வீடுகளிலும் தாம்பூலத்தட்டுகள் தெருவைக் குறுக்கே கடக்கத் தொடங்கின.

உலகம்மாள் தட்டை வாங்கக் கை நீட்டவில்லை. எந்தச் சொந்தம் பிள்ளைகளைத் தரையில் உட்காரவைத்ததோ அதே சொந்தத்துக்குள் மகளைத் திருப்பித் தள்ளுகிறார்கள், அதையும் உபகாரம் என்கிறார்கள்.

"சித்தி, கதிரேசன் ஒருதரம் ரத்தம் குடுத்துப் பாக்கட்டும்," என்றாள்.

"எம் மவனுக்கா?" பிச்சம்மாள் தட்டைக் கீழே வைத்தாள். "ஏட்டி உலகு, குறை ஒம் மவ கையில இருக்கு. எம் மவன் கையில ஊசி குத்தச் சொல்லுதியா? எங்க வீட்டு ரத்தத்துக்கு என்ன குறை? நீ கொண்டுவந்தது இது."

"நான் எங்கேருந்து கொண்டுவந்தேன் சித்தி? ஒங்கூடப் பொறந்த அக்கா வயித்துலேருந்துதானே வந்தேன்? அது எந்த வீட்டு ரத்தம்?"

பிச்சம்மாள் தம்பியைப் பார்த்தாள். "வாயப் பாத்தியாலே ஒம் பொண்டாட்டிக்கு," என்றாள். கோமதிநாயகம், "உள்ள போ உலகு," என்றார்.

உள்ளே வடிவு சுடலைமணிக்கு முதுகைத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தாள். "அத்தான் நல்லவர்தாம்மா," என்றாள், தலையை நிமிர்த்தாமல். "சின்னதிலேருந்தே பிடிக்கும். பிடிக்காதுன்னு பொய் சொல்லமாட்டேன்."

"அவனுக்கும் இருந்தா?"

வடிவு தம்பியின் முதுகெலும்பை விரலால் வருடினாள். பதினைந்து வயதில் அது வில்போல வளைந்திருந்தது. "தெரிஞ்சுக்கணும்," என்றாள். "தெரியாம கட்டமாட்டேன்."

உலகம்மாள் அபூபக்கர் பாய் கடைக்குப் போனாள். "இருக்கறதுலயே பெரிய அளவு என்ன பாய்?"

"ரெண்டு பத்து. யாருக்கும்மா?"

"மாப்பிள்ளைக்கு."

பாய் அவள் முகத்தைப் பார்த்தார், மேல்தட்டிலிருந்து பச்சை வளையல் ஒரு பெட்டி எடுத்தார். "டஜனா எடுத்துக்கோ. பாதி உடையும்," என்றார்.

நிச்சயதார்த்தத்தன்று கோமதிநாயகத்தின் நாற்காலிகள் தெருவையே அடைத்துப் போடப்பட்டிருந்தன. பெரியவர்கள் தாம்பூலம் மாற்ற எழுந்த சமயத்தில் உலகம்மாள் ஒரு கிண்ணத்தில் சோப்புத் தண்ணீரும் மறு கையில் வளையல் பெட்டியுமாக வந்து கதிரேசனுக்கு முன்னால் நின்றாள்.

"தம்பி, கையைக் குடு."

முதலில் யாருக்கும் புரியவில்லை. புரிந்ததும் தெரு ஒரே வாயாகக் கத்தியது. "ஆம்பளைக்கு வளையலா? நாங்க என்ன பொட்டைப் பயலுவளா? ஏலே கோமதி, ஒம் பொண்டாட்டிக்குப் பேய் பிடிச்சிருக்கா?" பிச்சம்மாள் தலைமுடியை அவிழ்த்துப்போட்டுக்கொண்டு, எம் மவனை மானபங்கப்படுத்துதாளே என்று மார்பில் அடித்துக்கொண்டாள். கோமதிநாயகம் மனைவியின் கையைப் பிடித்து இழுத்தார், சோப்புத் தண்ணீர் அவருடைய பட்டு வேட்டியில் கொட்டியது.

"எம் மவ கைய ஊரே வந்து கேட்டுச்சே, அப்ப எங்கவே போச்சு மானம்?" என்று உலகம்மாள் கத்தினாள். அவள் தெருவில் நின்று கத்தியது அதுவே முதல் தடவை. "ஃபேன நிறுத்திட்டுக் கேட்டீகளே! மூச்சப் பிடிச்சுட்டுக் கேட்டீகளே! இப்பக் கேளுங்க!"

அப்போது நாற்காலியில் தலையணைகளுக்கு நடுவே உட்காரவைக்கப்பட்டிருந்த சுடலைமணி, "அத்தான்," என்றான். அவனுக்கு உரக்கப் பேச மூச்சு போதாது, அதனால் அவன் பேசினால் மற்றவர்கள் நிறுத்தவேண்டியிருக்கும். "போட்டுக்கிடுங்க அத்தான். போட்டா என்ன? எனக்குக் கையைத் தூக்க முடிஞ்சா நான் போட்டுக் காட்டுவேன்."

கதிரேசன் அவனைப் பார்த்தான். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு கையை நீட்டினான்.

ஸ்டியரிங் பிடித்துக் காய்த்த கை. உலகம்மாள் சோப்பைத் தடவி, கட்டைவிரல் முட்டியை உள்ளே அமுக்கி, ஒவ்வொன்றாக ஏற்றினாள். பாய் சொன்னபடி பாதி உடைந்தன. மிச்சமிருந்த பச்சை வளையல்கள் அவன் மணிக்கட்டில் வரிசையாக நின்றன. நாற்காலி நகர்த்தும் ஓசைகூட இல்லை. கதிரேசன் கையைத் தூக்கி உதறினான். மறுபடி உதறினான். பஸ்ஸில் மணியடிக்கிறவனைப் போல வேகமாக ஆட்டினான், வளையல்கள் குதித்தன, மோதின, வெயிலில் மின்னின.

ஒன்றும் கேட்கவில்லை.

அவன் முகம் வெளிறிப்போனதை உலகம்மாள் பார்த்தாள். அவள் அவனைச் சின்ன வயதில் தூக்கி வளர்த்தவள். அந்த ஒரு கணம் அவளுக்கு அவன்மேல் கோபம் இல்லை, இரக்கம்தான் இருந்தது. ஆனால் அந்தக் கணம் நீடிக்கவில்லை. கூட்டத்தில் யாரோ ஒரு பெரியவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஆம்பளை கையில வளையல் எப்படிய்யா ஒலிக்கும்? ஆம்பளைக் கைக்கு அது இயற்கைதானே," என்றார்.

தெரு பெருமூச்சு விட்டது. ஆமா, ஆமா, என்றது. ஆம்பளை எலும்பு கனம், சத்தத்தை உள்ள இழுத்துக்கிடும் என்று ஒருவர் விளக்கினார். பிச்சம்மாள் முடியை அள்ளி முடிந்துகொண்டாள்.

பந்திக்குச் சமைக்க வந்திருந்த மாடசாமி, தெருவுக்குச் சொந்தமில்லாத வெளியூர்க்காரர், இந்த வேடிக்கையைப் பார்க்கக் கரண்டியோடு வந்து நின்றவர், "அப்படியா, எனக்கும் போடுங்கம்மா பாப்போம்," என்று சிரித்துக்கொண்டே கையை நீட்டினார். இரண்டு வளையல்தான் ஏறின. அவர் கரண்டியை ஆட்டியதும் அந்த இரண்டும் கோயில் மணி மாதிரிக் கணீர் கணீரென்று தெருக்கோடிவரை ஒலித்தன.

உலகம்மாள் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தாள். இப்போதாவது, என்று நினைத்தாள்.

கூட்டம் வெடித்துச் சிரித்தது. "ஏ மாடசாமி, ஒமக்குப் பொம்பளைக் கையாவே? இத்தனை நாளும் தெரியாமப் போச்சே!" விசில் அடித்தார்கள். மாடசாமி வளையலைக் கழற்ற முடியாமல் அம்மிக்கல்லில் அடித்து உடைத்துக்கொண்டு அடுப்புக்கு ஓடினார், கையில் ரத்தம் வந்தது. நல்ல ரத்தம். எந்தப் பிள்ளையையும் முடக்காத ரத்தம். அன்றிலிருந்து அந்த ஊரில் அவரை வளையல் மாடசாமி என்றே சொன்னார்கள். கதிரேசன் தன் கையிலிருந்தவற்றைச் சுவரில் மோதி நொறுக்கிவிட்டு, ஆம்பளை என்று நிரூபிக்கப்பட்டவனாக நாற்காலியில் உட்கார்ந்தான். "தேதியைக் குறிப்போம்," என்றார் கோமதிநாயகம்.

வடிவு கூடத்திலிருந்து எழுந்து வெளியே வந்தாள். பட்டுப்புடவை, தலை நிறைய பூ. "அப்பா," என்றாள், "அத்தான் கையில எனக்குச் சத்தம் கேக்கல. ஒங்களுக்குக் கேட்டுச்சா?"

"வடிவு, உள்ள போ."

"கேட்டுச்சான்னு சொல்லுங்க."

அவர் வேட்டியில் சோப்புப் பட்ட இடத்தைத் துடைத்தார். அவள் கதிரேசனிடம் திரும்பினாள். "ஒங்களுக்கு அத்தான்?" அவன் தரையில் கிடந்த பச்சைத் துண்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் கொஞ்ச நேரம் காத்திருந்தாள், ஒரு சொல்லுக்காக; அவன் ஆமா, எனக்கும் கேக்கல என்று சொல்லியிருந்தால் அவள் என்ன செய்திருப்பாள் என்று உலகம்மாளுக்கு இன்றுவரை தெரியாது. அவன் சொல்லவில்லை. வடிவு புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு, தம்பியின் நாற்காலியைச் சாய்த்து உள்ளே தள்ளிக்கொண்டு போனாள். கலியாணம் நின்றது.

நாலு நாள் கழித்து ஒரு மத்தியானம், குளியலறைக் கதவு வெகுநேரம் திறக்காததைக் கண்டு உலகம்மாள் தட்டப் போனாள். கோமதிநாயகம் வெளியே வந்தார். கையில் முழங்கைவரை சோப்பு நுரை. தண்ணீர் போகிற வாயில் பச்சைக் கண்ணாடித் தூள் கிடந்தது. மறுநாளிலிருந்து காலையில் மகனைக் கட்டிலிலிருந்து தூக்குவது அவர் வேலையாயிற்று. ஆனால் தெருவில் இறங்கி, எனக்கும்தான் ஒலிக்கவில்லை என்று அவர் ஒருநாளும் சொல்லவில்லை. அந்த ஒரு சொல்லைச் சொல்லியிருந்தால் எத்தனை தாம்பூலத்தட்டுகள் திரும்பிப் போயிருக்கும் என்று உலகம்மாள் நினைத்து நினைத்துக் குமைந்தாள். தெரு மெதுவாக ரப்பர் வளையலுக்கு மாறியது. ரப்பர் வளையல் யார் கையிலும் ஒலிக்காது, ஆகவே எல்லாம் சரியாகிவிட்டது என்றார்கள். ஆஸ்பத்திரி வேன் மறுபடி வந்தபோது பெண்களையும் அனுப்பவில்லை.

வடிவு திண்டுக்கல்லில் வேலை தேடிக்கொண்டு, அங்கேயே சொந்தமில்லாத ஒருவனைக் கட்டிக்கொண்டாள். அவளுக்கு இரண்டு பெண்கள். கதிரேசன் அடுத்த தை மாதத்திலேயே தன் மாமன் முறையான ஒருவரின் மகளைக் கட்டினான். அவள் கையிலும் வளையல் ஒலித்ததில்லை. அவர்களுடைய மகனுக்கு இப்போது ஒன்பது வயது. பள்ளிக்கூடத்துக்கு அவனை அவன் அம்மா இடுப்பில் தூக்கிக்கொண்டு போகிறாள்.